அட்டை பேட்ச்

ஜெயக்கொடி நல்லது செய்தவர்களை மறந்தாலும் மறப்பாள். கெடுதல் செய்தவர்களை மட்டும் மறக்கவே மாட்டாள். செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடை வரிசையில் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போன ஒரு பொம்பளையின் குடத்தை, ஒரு வருஷம் பொறுத்திருந்து, தண்ணி லாரி வந்த நாளில் வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவள் அவள். அப்போது அவளுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை.

அப்படிப்பட்டவளைப் போய்ப் பட்டாபிராமன் ஏமாற்றினார். ஆள் பார்த்து ஏமாற்றத் தெரியவில்லை மனுஷனுக்கு.

தொண்ணூறாம் வருஷம் அது. ஜெயக்கொடி ப்ளஸ் டூ பாஸ் செய்திருந்தாள். அவளுடைய அம்மா அஞ்சம்மாள், ஊரைச் சுற்றி முளைத்துக்கொண்டிருந்த காலனி வீடுகளுக்கெல்லாம் செங்கல் சுமந்த சித்தாள். மகள் தலையில் அந்தச் சும்மாடு ஏறக் கூடாது என்று அவளுக்கு ஒரு வெறி. அந்தச் சமயத்தில்தான் மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்த பட்டாபிராமன், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்ற செய்தி ஏரிக்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த இலவசம் அவர் கைக்காசு இல்லை. மயிலாப்பூரில் ஞானாம்பாள் அறக்கட்டளை என்று ஒன்று. அவர்கள்தான் மெஷின்கள் வாங்கிக் கொடுத்து, வருஷத்துக்கு இருபது ஏழைப் பிள்ளைகளைத் தேற்றிவிடச் சொல்லியிருந்தார்கள். பட்டாபிராமனும் தலையை ஆட்டினார். பாங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர், வெள்ளைச் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, வாயைத் திறந்தால் எதிர்காலம். "இனிமே உலகமே கம்ப்யூட்டர்தாம்மா. தெரியலேன்னா நிக்க இடம் கிடையாது" என்று முதல் நாள் அவர் பேசியதைக் கேட்டு அஞ்சம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. ரூம். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே வரிசையாக மெஷின்கள், அவற்றின் முன்னால் ஃபீஸ் கட்டிய காலனிப் பிள்ளைகள். இலவச பேட்ச் இருபது பேருக்கும் இடம் அதற்கு மேலே, மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில். அங்கே மெஷின் இல்லை. ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கீபோர்டு வரைந்திருந்தது.

மாஸ்டர் ஒருவர் வருவார். ஓர் எழுத்தைச் சொல்வார். இருபது பேரும் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து அழுத்த வேண்டும். அவர் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு விரலும் சரியான கட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து முடிக்கிற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஸ்கேலால் முட்டியில் ஒன்று விழும். எல்லோரும் நன்றாக அழுத்திப் பழகினார்கள். "மெஷின்ல எப்போ சார்?" என்று கேட்டால், "தூசி ஒத்துக்காதும்மா. முதல்ல விரல் பழகட்டும்" என்பார் பட்டாபிராமன். காலனிப் பிள்ளைகள் படியில் எதிரே வரும்போது, "அட்டை பேட்ச் வருதுடா, வழி விடு" என்பார்கள்.

ஏ.சி. ரூமுக்குள் இவர்களை விட்டது வருஷத்தில் ஒரே ஒரு நாள். ஆயுத பூஜை அன்று மெஷின்களைத் துடைக்க ஆள் வேண்டுமே. அன்றைக்கு மட்டும் தூசி ஒத்துக்கொண்டது. ஜெயக்கொடி ஈரத் துணியால் கீபோர்டைத் துடைத்தாள், திரைக்குச் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், ஓரத்தில் ஒரு செவ்வந்திப் பூவும் செருகினாள். பூஜையில் வைத்த மெஷினை அன்று யாரும் இயக்கக் கூடாது என்பதால் அது அணைந்தே கிடந்தது. ஒரு வருஷப் படிப்பில் அவள் நிஜ கம்ப்யூட்டரைத் தொட்டது அந்த ஒரு தரம்தான்.

வருஷக் கடைசியில் முதல் வகுப்பு என்று அச்சடித்த சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு, சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலைக்கு இன்டர்வியூ போனாள் ஜெயக்கொடி. அம்மா வாங்கிக் கொடுத்த புதுத் தாவணி, காலில் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த செருப்பு. உள்ளே நாலைந்து பெண்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்டர்வியூ செய்த அம்மாள் ஒரு மெஷின் முன்னால் அவளை உட்கார வைத்து, "உன் பேரை அடிம்மா" என்றாள்.

ஜெயக்கொடி முதல் எழுத்தில் விரலை வைத்தாள். பழகியபடி நன்றாக அழுத்தினாள். பழகியபடியே, அடுத்ததைச் சொல்லும் வரைக்கும் எடுக்கவில்லை. திரையில் அந்த ஒரே எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட ஆரம்பித்தது. ஒரு வரி நிறைந்தது. இரண்டாம் வரிக்குத் தாவியது. என்னவோ உடைத்துவிட்டோம் என்று நினைத்தாள். விரலை எடுத்தால் இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னும் அழுத்தினாள். பக்கத்து மெஷினில் இருந்தவள் முதலில் சிரித்தாள்.

"எதுலம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"அட்டையில மேடம்" என்றாள் ஜெயக்கொடி.

அதற்குப் பிறகு அந்த ரூமில் சிரிக்காதவர் யாரும் இல்லை.

நேராகப் பட்டாபிராமனிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உனக்கு கான்சன்ட்ரேஷன் இல்லேம்மா. ஃப்ரீயா கொடுத்தா யாருக்கும் வேல்யூ தெரியறதில்லை" என்று சொல்லிவிட்டு, ஃபீஸ் கட்ட வந்தவரைப் பார்த்துச் சிரித்தார். தெருவில் சொன்னாள். "வேல கெடைக்கலன்னு வாத்தியார் மேல பழி போடுது பாரு" என்றார்கள். பெற்ற தாயே, "நீ செரியா பட்ச்சிருக்க மாட்ட" என்றாள். அதுதான் ஜெயக்கொடிக்குத் தாங்கவில்லை. தோற்றவள் சொல்வது எவன் காதிலும் ஏறாது என்பதை அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்தே கறுவ ஆரம்பித்தாள்.

கறுவுகிறவர்களில் இரண்டு ரகம். வயிறு எரிந்து எரிந்து ஒன்றுமில்லாமல் போகிறவர்கள் ஒரு ரகம். அந்த நெருப்பில் சோறு பொங்கிக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். ஜெயக்கொடி இரண்டாவது.

ஸ்டேஷன் பக்கத்தில், சண்முகம் ரோட்டில் தயாளன் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். இரும்புலியூர் ஆள். நிலம் பிளாட்டாகிப் போன பணத்தில் கடை போட்டவன். ஜெயக்கொடி அங்கே ஜெராக்ஸ் எடுக்கச் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் தயாளன் ஆசைப்பட்டு டி.டி.பி. வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். வாங்கினானே தவிர, அதன் பக்கத்தில் போக அவனுக்குப் பயம். ஷாக் அடிக்கும் என்று கடைசிவரை நம்பினான். "நீயே பாத்துக்கம்மா, அத்த கண்டா எனக்குப் பேஜாரா கீது" என்று அவளிடம் தள்ளிவிட்டான்.

அவளுக்கு வேறு என்ன வேண்டும். கெடுத்தாள், திட்டு வாங்கினாள், திரும்பச் செய்தாள். மெஷினை விற்றவன் வரும்போதெல்லாம் அவனைக் கேள்வி கேட்டே துளைத்தாள். ஒவ்வொரு கீயைத் தட்டும்போதும் பட்டாபிராமன் மண்டையில் குட்டுவதாக நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் கை பிய்த்துக்கொண்டு ஓடியது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று தாம்பரத்தில் பாதி வேலை அவள் கைக்கு வந்தது.

தொண்ணூற்று நாலில், ஆடி மாதம் முடிகிற சமயம், பட்டாபிராமனே அந்தக் கடைக்கு வந்தார்.

அழைப்பிதழ் அடிக்க வந்திருந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளைத் தாண்டித் தயாளனிடம்தான் பேசினார். விஜயதசமி அன்று சென்டரில் விழா. அறக்கட்டளைத் தலைவி அபிதகுஜாம்பாள் அம்மாள் நேரில் வருகிறார். இலவச பேட்ச் பிள்ளைகள் கம்ப்யூட்டர் இயக்குவதைப் பார்க்கப் போகிறார். திருப்தியாக இருந்தால் பத்துப் புது மெஷின் தருகிறார். நன்றாகச் செய்கிற பிள்ளைக்கு அறக்கட்டளை ஆபீசிலேயே வேலையும் கொடுக்கிறார். ஜெயக்கொடி அவ்வளவையும் தலை நிமிராமல் அடித்தாள். ஓரத்துக்கு நல்ல பார்டராகப் பார்த்துப் போட்டாள்.

"உங்க பொண்ணு சுத்தமா வேலை பண்றாப்பா" என்று தயாளனிடம் சொல்லிவிட்டுப் போனார் பட்டாபிராமன்.

அன்று சாயங்காலம் அவள் ஏரிக்கரைக்குப் போனதும் முதல் வேலையாக, இரண்டு வீடு தள்ளி இருந்த கன்னியம்மாவைப் போய்ப் பார்த்தாள். அந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்து, சென்டரில் இலவச பேட்ச்சில் சேர்ந்திருந்த பெண். அவள் அம்மாவும் சித்தாள்தான்.

"இன்னா கன்னிமா, மெஷின்ல ஒக்கார வெச்சாங்களா?"

"இல்லக்கா. அட்டைதான்."

"இன்னுமா அட்டை?"

"இப்ப லேமினேஷன் பண்ணிக் குட்துக்கீறாங்கக்கா."

ஜெயக்கொடி சிரித்தாள். நாலு வருஷத்தில் பட்டாபிராமன் கண்ட முன்னேற்றம் லேமினேஷன். சிரித்து முடித்ததும் அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

இரண்டு நாள் யோசித்தாள். நேராக மயிலாப்பூர் போய் அந்த அம்மாளிடம் சொல்லலாம். சொன்னால் பட்டாபிராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இன்டர்வியூவில் ஃபெயிலான பெண், பொறாமை என்பார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது. ஜெயித்தவள் ஒருத்தி மேடையில் நின்று சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு, மைக்கில், அந்த அம்மாள் முகத்துக்கு நேரே, "எனக்கு இங்கே கொடுத்தது அட்டைதான், நான் கற்றுக்கொண்டது வெளியே" என்று சொல்ல வேண்டும். அப்போது பட்டாபிராமன் முகம் எப்படிப் போகும் என்பதை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கற்பனை செய்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க இனித்தது.

மறுநாள் விடிந்ததும் கன்னியம்மாவை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். தயாளனிடம் முன்னாடியே சொல்லிச் சாவி வாங்கி வைத்திருந்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்லித் தரேன். ஒழுங்கா கத்துக்கோ" என்றாள்.

கன்னியம்மா ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து, முதல் எழுத்தில் விரலை வைத்து அழுத்தினாள். எழுத்து ஓட ஆரம்பித்தது. ஜெயக்கொடி அவள் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். "தொட்டுட்டு எடுடீ. தொட்டுட்டு எடுக்கணும். அந்த ஆளு சொல்லிக் குட்த்தத மற."

பெண் கெட்டிக்காரி. பத்து நாளில் அழுத்துவதை விட்டாள், ஒரு மாதத்தில் பார்க்காமல் அடித்தாள், புரட்டாசி பாதி போவதற்குள் ஒரு முழுக் கடிதத்தைத் தப்பில்லாமல் அடித்து, சேமித்து, பிரிண்ட் எடுத்து நீட்டினாள். ஜெயக்கொடி ஒரு நாள்கூட அவளைப் பாராட்டவில்லை. பாடம் முடிந்ததும் தினமும் அந்த வாக்கியத்தை மட்டும் சொல்ல வைத்தாள்.

"சொல்லு."

"இங்க எனக்குக் குட்த்தது அட்டைதான். நான் கத்துகினது வெளியே."

"சத்தமா."

கன்னியம்மா சத்தமாகச் சொன்னாள். ஒரு நாள் மட்டும், "அப்டி சொன்னா வேல குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"நெஜத்த சொல்றவளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க" என்றாள் ஜெயக்கொடி. உண்மையில் அதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. அவள் நினைப்பெல்லாம் தங்க ஃப்ரேம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு கண்ணில் இருந்தது.

விஜயதசமி அன்று சென்டர் மொட்டை மாடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கீழேயிருந்து ஒரு மெஷினைத் தூக்கி வந்து மேடையில் வைத்திருந்தார்கள். முந்தின நாள் வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் அப்படியே இருந்தன. முன் வரிசையில் காலனிக்காரர்கள். பக்கவாட்டில் ஜமுக்காளத்தில் இலவச பேட்ச், நீலச் சட்டையில் இருபது பேர். ஜெயக்கொடி கடைசி வரிசையில், தயாளன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாதிரி ஒரு புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அபிதகுஜாம்பாள் அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். நரைத்த கொண்டை, வைரத் தோடு, நேரான முதுகு. பட்டாபிராமன் எதிர்காலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "யாரு வர்றீங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், "கன்னியம்மா, நீ வாம்மா" என்றார்.

ஜெயக்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவராகவே கூப்பிடுகிறாரே, வேலை சுலபமாகிவிட்டதே என்றுதான் அப்போது நினைத்தாள்.

"எனக்கு ஒரு லெட்டர் அடிச்சுத் தா பார்ப்போம் கொழந்தே" என்று சொல்லி, அபிதகுஜாம்பாள் அம்மாள் மெதுவாக ஒரு லீவு லெட்டர் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்போது கன்னியம்மாவும் அடித்து முடித்திருந்தாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். அம்மாள் அதைத் தூரப் பிடித்துப் படித்தார். ஒரு தப்பு இல்லை. கூட்டம் கைதட்டியது. தயாளன் விசில் அடிக்கப் போனவன், ஜெயக்கொடி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"பேஷ். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துடு, உனக்குத்தான் வேலை" என்றார் அம்மாள். மைக்கை அவள் பக்கம் திருப்பினார். "யாரும்மா இவ்வளவு நன்னா சொல்லிக்கொடுத்தா?"

கன்னியம்மா கடைசி வரிசையைப் பார்த்தாள். ஜெயக்கொடியின் உதடு, அந்த வாக்கியத்தைச் சத்தமில்லாமல் தொடங்கி வைத்தது.

"பட்டாபிராமன் சார்தாம்மா" என்றாள் கன்னியம்மா.

மறுபடியும் கைதட்டல். அம்மாள் பொன்னாடையை எடுத்துப் பட்டாபிராமன் தோளில் போட்டார். ஜெயக்கொடிக்கு உச்சந்தலையில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. நாய் மாதிரி விடிகாலையில் எழுந்து வந்து, தன் மெஷினில், தன் கையால் பழக்கிய பெண். அவளைக் கொண்டே அந்த ஆளுக்குப் பொன்னாடை போட வைத்துவிட்டார்கள்.

ஒரு நிமிஷம் அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. உட்கார்ந்திரு, பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது, அவள் அம்மா இனிமேல் செங்கல் தூக்க வேண்டாம், அது போதாதா என்று. தயாளனும் அவள் கையைப் பிடித்து, "வுடும்மா, பொயச்சிப் போவட்டும்" என்றான். உட்கார்ந்துதான் இருந்திருப்பாள். அந்த நேரத்தில் பட்டாபிராமன் பொன்னாடையைச் சரிசெய்தபடி கடைசி வரிசையைப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு யார் பிடித்தாலும் நிற்பாளா அவள். எழுந்தாள்.

"அம்மா" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சாந்தமாக வந்தது. "அந்தப் பொண்ணு நல்லாத்தாம்மா அடிக்குது. மிச்சம் பத்தொம்பது பேரு ஒக்காந்துகினு கீறாங்களே, அதுல நீங்களே பாத்து யார்னா ஒர்த்தர கூப்டுங்க."

"நேரமாயிடுத்து, பிரசாதம் காத்திண்டிருக்கு" என்று பட்டாபிராமன் மைக்கைப் பிடித்தார்.

"இருக்கட்டும்" என்றார் அம்மாள். ஜமுக்காளத்தைப் பார்த்து, முன்னால் இருந்த பையனைக் கூப்பிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளும் குனிந்தாள். "யார் வேணா வாங்கோ, தப்பா அடிச்சாலும் பரவாயில்லே" என்றார். ஒருவரும் எழவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே அத்தனை நீலச் சட்டைகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. காலனிப் பிள்ளைகள் வரிசையில் யாரோ, "அட்டை பேட்ச்" என்று சொல்லிக் கிளுக்கென்று சிரித்தது நன்றாகக் கேட்டது.

"என்னது அட்டை?" என்றார் அம்மாள்.

ஜமுக்காளத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, கொட்டகைக்குப் போய், லேமினேஷன் செய்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கத்தவில்லை. "இத்தனை வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார். பட்டாபிராமன், "முதல்ல விரல் பழகட்டும்னு..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி கிடைக்காமல் பொன்னாடையிலேயே துடைத்தார். அந்த முகத்தை ஜெயக்கொடி வெயிலில் நடந்து வந்தவள் மோர் குடிக்கிற மாதிரி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

அம்மாள் கன்னியம்மா பக்கம் திரும்பினார். "அப்போ நீ சொன்னது பொய்யாடி?"

கன்னியம்மாவும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கையிலே வித்தை இருக்கு. வாயிலே பொய் இருக்கு. என் ஆபீசுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அம்மாள் படியிறங்கிப் போய்விட்டார்.

ஐப்பசி மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் லாரி வந்தது. அறக்கட்டளை மெஷின்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்துப் புது மெஷினும் செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. சென்டர் போர்டைக் கழற்றிவிட்டார்கள். பட்டாபிராமன் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு பெங்களூர் போய்விட்டார். ஜெயக்கொடி தினமும் வேண்டுமென்றே முடிச்சூர் ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். பூட்டிய மாடியைப் பார்த்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கியது. ஏரிக்கரையில் பலர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். அட்டையாவது இருந்தது, இவள் அதையும் பிடுங்கிப் போட்டாள் என்று கன்னியம்மாவின் அம்மா குழாயடியில் மண்ணை வாரித் தூற்றியதாக அஞ்சம்மாள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அஞ்சம்மாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயக்கொடி அதற்கெல்லாம் அசைகிறவளா.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மழை விட்ட நேரத்தில், கன்னியம்மா கடை வாசலில் வந்து நின்றாள். தலையில் சும்மாடு வைத்த தடமும், காலெல்லாம் சிமென்ட்டும் தெரிந்தன. தயாளன் அவளைப் பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போகிறேன் என்று நழுவிவிட்டான்.

"உன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றாள் கன்னியம்மா.

"பின்ன இன்னாத்துக்கு வந்த?"

"ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு." உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். "ஆயுத பூஜ அன்னிக்கு மெஷின தொடைக்கச் சொல்ல என் வெரலு தானா கீ மேல ஓடறத அந்த ஆளு பாத்துட்டாரு. எனக்குத் தெரிதுன்னு புரிஞ்சிகினாரு. நான்தான் சொல்லிக் குட்த்தேன்னு சொல்லு, வேல உனுக்குத்தான்னாரு. நான் சொன்னேன். எனுக்கு வேல வோணும். உனுக்கு அந்த ஆளு மூஞ்சி வோணும். ரெண்டுல எதுக்கா பெருசு?"

"பொய் சொன்னல்ல நீ" என்றாள் ஜெயக்கொடி.

"சொன்னேன். நீ மட்டும்? என் நல்லதுக்குத்தான் சொல்லித் தரேன்னியே. அது இன்னாது?"

ஜெயக்கொடி மௌஸைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தாள். மறுபடியும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"அந்த ஆளு என்ன உள்ளயே வுடல" என்றாள் கன்னியம்மா. "நீ உள்ள வுட்டு, வேல கைக்கு வந்தப்பறம் கழுத்தப் புட்ச்சி வெளிய தள்ளின. அவரவிட நீதான்க்கா மோசம்."

அது போய் விழுந்த இடம் சரியான இடம். மேடையில் அன்று பட்டாபிராமன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், கன்னியம்மா முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்போது பார்த்தாள். அழுத முகம் இல்லை அது. தாடை இறுகிக் கல்லாக இருந்தது.

"இப்ப இன்னா பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"உன்ன சொம்மா வுட மாட்டேன். இதே ரோட்ல, உனுக்கு எதுத்தாப்ல கட போடுவேன். உங்கிட்ட வர்ற கல்யாணப் பத்திரிக அத்தினியும் இஸ்துக்குவேன். நீ ஈ ஓட்டினு ஒக்காந்திருக்கிறத தெனம் எதுக்க இருந்து பாப்பேன்."

ஜெயக்கொடி கால் நுனியால் ஸ்டூலை மெஷின் முன்னால் தள்ளினாள்.

"அதுக்கு லெட்டர் அடிக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது" என்றாள். "லே அவுட் தெரியணும். பார்டர் போடத் தெரியணும். பிரிண்டர் மக்கர் பண்ணா கயட்டி மாட்டத் தெரியணும். ஒக்காரு."

"உங்கிட்டயா?"

"வேற எவன் கீறான் உனுக்கு சொல்லிக் குடுக்க?"

கன்னியம்மா அசையவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கமிருந்து பஸ் சத்தம் வந்துகொண்டே இருந்தது. "நான் ஒன்னும் உன்ன மன்னிக்கல" என்றாள்.

"மன்னிக்காத. மன்னிச்சிட்டா கை ஓடாது" என்றாள் ஜெயக்கொடி. "நாளைக்கு வரச்சொல்ல, அந்த அட்டை பேட்ச் பசங்கள்ள எவன் எவனுக்கு என்மேல வயிறு எரிதோ அவன் அத்தினி பேரையும் இஸ்துகினு வா."

கன்னியம்மா காலில் இருந்த சிமென்ட்டைப் படியில் தேய்த்தாள். உள்ளே வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெயக்கொடியின் முகத்தைப் பார்க்காமல், திரையையே முறைத்துக்கொண்டு, "சொல்லு" என்றாள்.